ஒளி குன்றும் கணம்: மூளையின் குருதியோட்டத்தை அளந்த வரலாறு

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பிரிவாக வடதமிழகத்தில் நீண்டு கிடப்பது ஜவ்வாது மலை. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களும் இன்று அதனைப் பங்கிட்டுக்கொண்டுள்ளன. சாமை விளையும் சரிவுகள், சந்தனத்துக்குப் பேர்போன காடு, மலையாளி என்னும் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் சிற்றூர்கள் ஆகியவை அம்மலையின் அடையாளங்கள். சங்க இலக்கியம் பயின்றோர்க்கு இந்நிலம் புதியதன்று. செங்கண்மாவிலிருந்து ஆண்ட நன்னன் சேய் நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் இம்மலையின் அடிவாரத்தைச் சார்ந்த நூல். அதில் பேசப்படும் சேயாறு இம்மலையில்தான் பிறக்கிறது.

இம்மலையின் மேலே காவலூரில் வானத்தை அளக்கும் ஆய்வுக்கூடம் ஒன்று உள்ளது. மலைக்கு வடகிழக்கே, சமவெளியில், வேலூரில் மனித மூளைக்கு மருத்துவம் செய்யும் பழைய மருத்துவமனை ஒன்று உள்ளது. விண்மீனை நோக்குவோர்க்கும் மூளைக்கட்டியை நோக்குவோர்க்கும் என்ன உறவு என்று கேட்கத் தோன்றும். ஓர் இடம் மற்றோர் இடத்திலிருந்து கடன் பெற்றது என்று சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை. அப்படிச் சொல்லவும் வேண்டுவதில்லை. ஆனால் இரு துறையினரும் எதிர்கொண்ட இடர்ப்பாடு ஒன்றே. கையால் தொட முடியாத, நேரே காணவும் முடியாத ஒன்றைப் பற்றி, அதன் குறுக்கே ஏதோ ஒன்று கடந்து செல்லும்போது ஒளியில் நேரும் குறைவைக் கொண்டே முடிவு கூற வேண்டியிருக்கிறது. அந்த முடிவு எவ்வளவு தொலைவு நம்பத்தக்கது என்பதே இவ்வரலாற்றின் மையக் கேள்வி.

காவலூரின் இரு பதிவுகள்

கோடைக்கானல் வானம் ஆண்டில் பல திங்கள் மேகம் மூடிக் கிடப்பதால், இரவு வானை ஆராய வேறோர் இடம் தேடிய வைனு பாப்பு காவலூரைத் தேர்ந்தார். 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் அங்கே பணி தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர் விட்டமுள்ள ஜெர்மானியத் தொலைநோக்கி நிறுவப்பட்டது. பாப்பு 1982இல் மறைந்தார். 1986 சனவரியில் தொடங்கி வைக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பெருந்தொலைநோக்கி வருமுன்னரே காவலூருக்கு உலகப் புகழ் ஈட்டித் தந்தவை இரண்டு சிறிய ஒளிக்குறைவுகள். 1972 ஜூன் 7ஆம் நாள் வியாழனின் துணைக்கோளாகிய கானிமீடு ஒரு விண்மீனை மறைத்தது. விண்மீனின் ஒளி திரை விழுந்தாற்போல் சட்டென்று அற்றுப்போகாமல், சற்றே தயங்கிக் குறைந்ததாகக் காவலூரிலும் இந்தோனேசியாவிலும் பதிவாயிற்று. கானிமீடுக்குக் காற்று மண்டலம் உண்டு என்று அதிலிருந்து முடிவு செய்யப்பட்டது. 1979இல் வாயேஜர் விண்கலம் அருகே சென்று பார்த்தபோது, அவ்வாறு மதிப்பிடப்பட்ட அளவுக்குக் காற்று அங்கே இல்லை என்று தெரிந்தது. பின்னர் 1990களில் ஹப்பிள் தொலைநோக்கி மிக மிக மெல்லிய உயிர்வளிப் படலம் ஒன்றையே அங்குக் கண்டது.

இரண்டாவது நிகழ்ச்சி 1977 மார்ச் 10ஆம் நாளுக்குரியது. அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனின் முன்னால் கடக்க இருந்தது. அவ்வேளையில் விண்மீனின் ஒளி சில நொடிகள் குன்றி மீண்டதைக் காவலூரில் ஜே. சி. பட்டாச்சாரியாவும் கே. குப்புசாமியும் பதிவு செய்தனர். யுரேனசுக்குப் புதிய துணைக்கோள் ஒன்று இருக்க வேண்டும் என்பது அவர்கள் முதலில் கொண்ட கருத்து. அதே இரவில் இந்தியப் பெருங்கடலின் மேல் விமானத்தில் பறந்தவாறு நோக்கிய ஜேம்ஸ் எலியட் குழுவினருக்கு, கோளுக்கு இப்புறம் ஐந்து குறைவுகளும் அப்புறம் அவற்றுக்கு இணையாக ஐந்து குறைவுகளும் கிடைத்தன. இருபுறமும் ஒத்து நின்ற அந்த அமைப்பே உண்மையைச் சொல்லிற்று. யுரேனசைச் சுற்றி வளையங்கள் உள்ளன என்பது உலகுக்குத் தெரிந்தது அவ்வாறுதான். காவலூரில் குன்றிய ஒளியும் அவ்வளையத்தின் செயலே.

ஒளி குன்றியது என்பது மெய். அது எதனால் குன்றியது என்பது பொருள்கோள். மெய்யும் பொருள்கோளும் வேறு வேறு என்பதையும், ஒரு பதிவுக்கு இன்னொரு பதிவு துணை நிற்க வேண்டும் என்பதையும் இவ்விரு நிகழ்ச்சிகளும் உணர்த்துகின்றன. மூளைக்கட்டி மருத்துவம் இதே பாடத்தைப் படிக்க நெடுங்காலம் ஆயிற்று. அங்கே தவறான பொருள்கோளுக்கு விலை ஒரு மனிதரின் வாழ்நாள்.

எலும்புப் பேழைக்குள் ஓடும் ஆறு

குருதி உடலெங்கும் சுற்றி வருகிறது என்று வில்லியம் ஹார்வி எழுதியது 1628இல். ஆயினும் எலும்பால் மூடப்பட்ட மூளைக்குள் அது எவ்வளவு ஓடுகிறது, வேலைக்கு ஏற்பக் கூடிக் குறைகிறதா என்பவை பின்னும் இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் விடையின்றியே இருந்தன. 1890இல் ராய், ஷெரிங்டன் என்னும் இருவர், மூளையின் எப்பகுதி உழைக்கிறதோ அப்பகுதிக்குக் குருதி மிகுதியாகச் செல்லும் என்ற கருத்தை முன்வைத்தனர்.

அக்கருத்துக்கு எதிர்பாராத சான்று ஒன்றை 1928இல் ஜான் ஃபுல்டன் எழுதி வைத்தார். ஒரு நோயாளியின் தலையின் பின்புறத்தில், பார்வைக்குரிய மூளைப்பகுதியில், நாளங்கள் இயல்புக்கு மாறாகப் பின்னிக் கிடந்தன. அங்கே காதை வைத்தால் குருதி இரையும் ஓசை கேட்கும். அவர் இருளில் வெறுமனே இருக்கும்போது ஓசை தணிந்திருந்தது. செய்தித்தாளைப் படிக்கத் தொடங்கியதும் மிகுந்தது. எழுத்தைப் படித்தல் என்னும் செயல் குருதியின் ஒலியாகக் காதில் விழுந்தது மருத்துவ வரலாற்றிலேயே அரிய நிகழ்ச்சி.

ஓசையைக் கேட்டவர்கள் அதை எண்ணாக மாற்ற மேலும் பதினேழு ஆண்டுகள் சென்றன. அமெரிக்காவில் சீமோர் கெட்டியும் கார்ல் ஷ்மிட்டும் 1945இலிருந்து 1948 வரை வகுத்த முறை எளிய அறிவை அடிப்படையாகக் கொண்டது. ஒருவரை நைட்ரஸ் ஆக்சைடு சிறிதளவு கலந்த காற்றைச் சில நிமிடங்கள் மூச்சிழுக்கச் செய்வர். மூளைக்குள் செல்லும் குருதியிலும் மூளையிலிருந்து கழுத்துச் சிரை வழியாகத் திரும்பும் குருதியிலும் அவ்வாயு எவ்வளவு இருக்கிறது என்பதை இடைவிட்டு இடைவிட்டு அளப்பர். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து மூளை எவ்வளவு குருதியைப் பெறுகிறது என்று கணிப்பர். நலமுள்ள ஒருவரின் மூளையில் 100 கிராம் திசுவுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 50 மில்லிலிட்டர் குருதி பாய்கிறது என்று தெரிந்தது. உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள உறுப்பு, இதயம் வெளியேற்றும் குருதியில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கைப் பெறுகிறது.

உள்ளே சென்று மீண்டு வரும் ஒன்றிடமே உள்ளிருக்கும் வழியைக் கேட்டறிவது இம்முறையின் உயிர்நாடி. பரிசில் பெற்று மீள்பவன் எதிர்வருபவனுக்கு வழி சொல்லும் ஆற்றுப்படை மரபு தமிழர்க்கு இதனை எளிதில் விளங்க வைக்கும்.

ஆயினும் இதில் ஒரு பெருங்குறை இருந்தது. ஏரியிலிருந்து ஊருக்குப் பாய்ந்த நீர் மொத்தம் எவ்வளவு என்று தெரியும். எந்த வயல் எவ்வளவு குடித்தது என்று தெரியாது. அதை அறிய இரண்டு படிகள் வேண்டியிருந்தன. ஒன்று, கணக்கு. 1954இல் மையரும் ஸியர்லரும் அதனைத் தெளிவாக்கினர்: ஓரிடத்தில் நிறைந்துள்ள குருதியின் கொள்ளளவை, அது அங்கே தங்கிச் செல்லும் சராசரி நேரத்தால் வகுத்தால் பாய்வின் அளவு கிடைக்கும். மடை திறப்பவருக்கும் விளங்கும் கணக்கு இது. மற்றொன்று, இடத்தைப் பிரித்துக் காட்டும் கருவி. 1960களின் தொடக்கத்தில் லாசென், இங்வார் ஆகிய இருவர் கதிரியக்க வாயுவைக் குருதியில் செலுத்தி, தலையைச் சுற்றி உணர்கருவிகள் அமைத்து, பகுதி பகுதியாக ஓட்டத்தை அளந்தனர். வயல்கள் ஒருவாறு பிரிந்து தெரியத் தொடங்கின.

வேலூரும் சென்னையும்

தமிழகம் இவ்வரலாற்றுக்குள் நுழைந்ததும் ஏறத்தாழ இதே காலத்தில்தான். ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய வேலூர் மருத்துவப் பணி, கிறித்துவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. கனடாவின் மான்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்று திரும்பிய ஜேக்கப் சாண்டி, 1949இல் அங்கே நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். இந்தியாவில் அத்துறை உருப்பெற்றது அங்கேதான். அடுத்த ஆண்டிலேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி அப்பணியை ஏற்றார். இவ்விருவரும் எஸ். டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகியோருடன் கூடி 1951இல் சென்னையில் இந்திய நரம்பியல் கழகத்தை நிறுவினர். 1954இல் அடையாற்றில் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் புற்றுநோய் நிலையம் தோன்றியது.

அன்றைய அறுவை மருத்துவர் கட்டியை நேரே காண வழியில்லை. மூளையின் உள்ளறைகளில் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பர்; அல்லது 1927இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் காட்டிய வழியில் கழுத்து நாளத்தில் மருந்து செலுத்தி நாளங்களைப் படமெடுப்பர். இயல்பான இடத்தினின்று நாளம் விலகி நின்றால், விலக்கியது எது என்று ஊகிப்பர். நீரோட்டம் வளைந்து செல்வதைக் கண்டு அங்கே பாறை உண்டு என்று அறிவது போன்ற திறமை அது.

இந்நிலையை மாற்றிய சி.டி. ஸ்கேன் 1971இல் வந்தது. அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் நாள் இலண்டனில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதன்முதலாக ஒரு நோயாளியின் தலையைக் குறுக்குவெட்டாகப் படமெடுத்துக் காட்டியது. பல திசைகளிலிருந்து எடுத்த நிழல்களைக் கொண்டு உள்ளிருக்கும் உருவை மீட்டுக் கட்டுவதே அதன் உட்பொருள். இதற்குரிய கணக்கைச் சூரியனைப் படமெடுக்கும் பொருட்டு வானொலி வானியலாளர் ரொனால்ட் பிரேஸ்வெல் 1956இலேயே ஆராய்ந்திருந்தார். வானத்துக்கென்று பிறந்த கணக்கு மனிதத் தலைக்கும் பொருந்திற்று.

அதே 1971இல் ஜி. என். ராமச்சந்திரனும் ஏ. வி. லட்சுமிநாராயணனும் அமெரிக்க அறிவியல் கழக இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நிழல்களிலிருந்து உருவை விரைவாகவும் துல்லியமாகவும் மீட்கும் வழி அதில் இருந்தது. கொலாஜன் என்னும் புரதத்தின் முப்புரி வடிவத்தைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்து புகழ் பெற்ற ராமச்சந்திரன், அப்போது பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்துக்குச் சென்றிருந்தார். அவ்விருவர் பெயரின் முதற்பகுதிகளால் ஆன ‘ராம்–லாக்’ வடிகட்டி என்னும் சொல்லை உலகின் சி.டி. பாடநூல்கள் இன்றும் வழங்குகின்றன.

மருந்து கடக்கும் சில நொடிகள்

கட்டியின் உருவம் தெரிந்தது. அதன் உயிர்ப்பு தெரிந்ததா? 1971ஆம் ஆண்டே இக்கேள்விக்கும் வித்திட்டது. ஜூடா ஃபோக்மன் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர், கட்டி ஓரளவுக்கு மேல் வளர வேண்டுமானால் தனக்கென்று புதிய குருதி நாளங்களை வருவித்துக்கொள்ள வேண்டும் என்று அவ்வாண்டு எழுதினார். வேலிக்கு அப்பாலிருந்து தன் நிலத்துக்குத் திருட்டு வாய்க்கால் வெட்டிக்கொள்வதை ஒத்தது அச்செயல். அவ்வாறு தோன்றும் நாளங்கள் ஒழுங்கற்றவை, முறுக்குண்டவை, கசிபவை. எனவே ஓரிடத்தில் நாளங்கள் எவ்வளவு மிகுந்துள்ளன என்று அளக்க முடிந்தால், கட்டியின் வேகத்தையும் அறியலாம் என்ற நம்பிக்கை பிறந்தது.

1980இல் லியோன் ஆக்செல், விரைந்து அடுத்தடுத்து எடுக்கும் சி.டி. படங்களால் மூளைக் குருதியோட்டத்தை அளக்கும் வழியைக் கூறினார். 1988இல் வில்ரிங்கரும் தோழர்களும் எம்.ஆர்.ஐ. கருவியில் மற்றொரு வழியைக் காட்டினர். இன்று மூளைக்கட்டிக்கு மிகுதியும் பயன்படுவது அந்த இரண்டாவது வழியே.

அதன் செயல்முறை வருமாறு. கடோலினியம் என்னும் உலோகம் கலந்த மருந்தைக் கைச்சிரையில் விரைவாகச் செலுத்துவர். ஒன்றிரண்டு நொடிக்கு ஒரு முறை மூளை முழுவதையும் படமெடுத்துக்கொண்டே இருப்பர். மருந்து இதயத்தைக் கடந்து மூளையின் நுண்ணாளங்களுக்குள் புகும்போது, அவ்வுலோகத்தின் காந்த இயல்பு சுற்றிலும் உள்ள காந்தப் புலத்தைக் கலைக்கிறது. படத்தின் ஒளி குன்றுகிறது. மருந்து கடந்து சென்றதும் ஒளி மீள்கிறது. குருதி மிகுதியாக உள்ள இடத்தில் பள்ளம் ஆழமாக இருக்கும். குறைவாக உள்ள இடத்தில் பள்ளமே தெரியாது. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் இவ்வாறு ஒரு வளைகோடு வரையப்படும். பள்ளத்தின் பரப்பிலிருந்து குருதியின் கொள்ளளவைக் கணித்து, எதிர்ப்புறத்து நலமான வெண்பொருளோடு ஒப்பிட்டு, இத்தனை மடங்கு என்று கூறுவர்.

காவலூரில் 1977இல் காகிதத்தில் விழுந்த கோட்டையும் இந்தக் கோட்டையும் அருகருகே வைத்தால், இரண்டும் ஒரே வகைச் சான்று என்பது விளங்கும். அங்கே வளையம் கடந்தது. இங்கே மருந்து கடக்கிறது. இரண்டிலும் கடக்கும் நேரம் சில நொடிகளே. அந்நொடிகளில் கண்ணை மூடியிருந்தால் காட்சி போயிற்று.

1994இல் ஆரோனெனும் தோழர்களும் கிளையோமா என்னும் மூளைக்கட்டிகளில் இக்குருதிக் கொள்ளளவை, அறுவையில் எடுத்த திசுவோடு ஒப்பிட்டனர். கட்டியின் கொடுமை மிக மிகக் குருதியின் அளவும் மிகுவதாகக் கண்டனர்.

கதிருக்குப் பின் எழும் ஐயம்

கிளையோமாக்களில் கொடியது கிளையோபிளாஸ்டோமா. அறுவையால் இயன்றவரை நீக்கிய பின், 60 கிரே அளவுள்ள கதிரை 30 பகுதிகளாக, வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு வாரம் செலுத்துவது வழக்கமாகியுள்ள மருத்துவம். 2005இல் ரோஜர் ஸ்டுப்பும் தோழர்களும் வெளியிட்ட ஆய்வு, கதிரோடு டெமோசோலமைடு என்னும் மாத்திரையையும் கொடுத்தால் பயன் மிகும் என்று நிறுவியது. நடுத்தர வாழ்நாள் 12.1 திங்களிலிருந்து 14.6 திங்களாக உயர்ந்தது. இரண்டாண்டு கடந்து வாழ்ந்தோர் நூற்றுக்குப் பத்திலிருந்து இருபத்தாறாகக் கூடினர். எண்கள் சிறியவை, அவற்றுக்குள் அடங்கிய வாழ்வு சிறியதன்று.

இம்மருத்துவம் முடிந்து சில வாரங்களில் ஸ்கேன் எடுக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. சிலருக்குக் கட்டி இருந்த இடம் முன்னிலும் பெரிதாகவும் பளிச்சென்றும் தெரிகிறது. வழக்கமான எம்.ஆர்.ஐ.யில் அப்பளிச்சிடல், மூளைக்கும் குருதிக்கும் இடையிலுள்ள தடுப்பு உடைந்து மருந்து கசிந்ததை மட்டுமே குறிக்கும். கட்டியின் புதிய நாளங்களும் கசியும். கதிர்பட்டுப் புண்ணான பழைய நாளங்களும் கசியும். வளரும் கட்டியும் மடியும் திசுவும் படத்தில் ஒரே முகத்தோடு நிற்கின்றன. வடிவத்தை மட்டும் நோக்கும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே.

ஆனால் மருத்துவருக்கு இரண்டும் எதிர்த்திசை. கட்டி மீண்டும் வளர்கிறது என்றால் மருந்தை மாற்ற வேண்டும், அல்லது மீண்டும் மண்டையைத் திறக்க வேண்டும். கதிரின் எதிர்வினையே என்றால் இப்போதைய மருந்தை நிறுத்தாமல் காத்திருக்க வேண்டும். எதிர்வினையைக் கட்டி என்று எண்ணினால் பயன் தரும் மருந்து நிறுத்தப்படும். வேண்டாத அறுவை நேரும். கட்டியை எதிர்வினை என்று எண்ணினால் வாழ்நாளில் எஞ்சிய சில திங்கள்களில் இரண்டோ மூன்றோ வீணாகும். பதினைந்து திங்கள் வாழ்வில் மூன்று திங்கள் என்பது ஐந்தில் ஒரு பங்கு.

இப்பிழை நோயாளியோடு நிற்பதும் இல்லை. தானே அடங்கக்கூடிய எதிர்வினையைக் கட்டி என்று கொண்டு புதிய மருந்து ஒன்றை ஆய்வுக்காகக் கொடுத்தால், வீக்கம் தானே வடிந்தாலும் புகழ் மருந்துக்குச் சேரும். அறிவியலின் கணக்கேடும் பொய் சொல்லத் தொடங்கும். இதனை உணர்ந்த பன்னாட்டு வல்லுநர் குழு, 1990 முதல் வழங்கிவந்த அளவுகோலைத் திருத்தி 2010இல் புதிய நெறிகளை வகுத்தது. கதிர் முடிந்த முதல் 12 வாரங்களுக்குள் தோன்றும் வளர்ச்சியை, அது கதிர் பாய்ந்த எல்லைக்கு வெளியே இருந்தாலன்றி, அல்லது திசுச் சோதனை உறுதி செய்தாலன்றி, நோயின் முன்னேற்றம் என்று தீர்ப்பளிக்கலாகாது என்பது அந்நெறிகளுள் ஒன்று.

குருதியின் சாட்சி

குருதியோட்டப் படத்தின் உதவி வேண்டப்படுவது இந்த இடத்தில்தான். கதிர்பட்டு மடியும் திசுவில் நாளச்சுவர்கள் தடித்து அடைபடுகின்றன. அங்கே குருதி குறைகிறது. மீண்டும் வளரும் கட்டியில் புதிய நாளங்கள் பெருகுகின்றன. அங்கே குருதி மிகுகிறது. கசிவில் ஒத்திருக்கும் இரண்டும் பாய்வில் வேறுபடுகின்றன.

2000ஆம் ஆண்டில் ஜப்பானிய மருத்துவர் சுகஹாராவும் தோழர்களும் இதனை எண்ணால் சொல்ல முயன்றனர். நலமான பகுதியோடு ஒப்பிடக் குருதிக் கொள்ளளவு 2.6 மடங்குக்கு மேல் இருந்தால் கட்டி மீண்டது என்றும், 0.6 மடங்குக்குக் கீழே இருந்தால் கதிரின் விளைவு என்றும் ஐயுறலாம் என்றனர். அக்கட்டுரையில் போற்றத்தக்கது, இவ்விரண்டு எண்களுக்கும் நடுவே பரந்து கிடக்கும் வெளியை அவர்கள் மறைக்காமல் விட்டதாகும். அந்த இடைவெளியில் விழும் நோயாளிக்குப் படம் மட்டும் விடை சொல்லாது.

பின்வந்த ஆண்டுகள் அவ்வெளியைக் குறுக்கின, நீக்கவில்லை. மருந்து நாளத்தைவிட்டுக் கசிந்தால் படத்தின் ஒளி ஏறி, உண்மையான பள்ளத்தை மூடிவிடும். கொடிய கட்டியும் குருதி குறைந்ததாகத் தோன்றும். இதைத் தவிர்க்க, முன்னதாகவே சிறிதளவு மருந்து செலுத்தி வைக்கவும் கணக்கில் திருத்தம் செய்யவும் கற்றனர். கருவிக்குக் கருவி, மென்பொருளுக்கு மென்பொருள் எண் மாறுவதால், ஒரு மருத்துவமனையின் எல்லைக்கோடு மற்றொன்றுக்குப் பொருந்துவதில்லை. படமெடுக்கும் முறையையேனும் ஒருமைப்படுத்தும் பொதுப் பரிந்துரை 2020இல்தான் வெளிவந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே நோயாளியின் ஒரே இடத்தில் உயிருள்ள கட்டியும் மடிந்த திசுவும் கலந்தே கிடப்பது வழக்கம். இதுவா அதுவா என்று கேட்பவருக்கு, இரண்டும் என்பதே பல வேளைகளில் உண்மையான விடை. ஊசியால் எடுத்த திசுத் துணுக்கும் தான் எடுக்கப்பட்ட இடத்துக்கு மட்டுமே சாட்சி சொல்லும்.

மருந்தே இன்றி அளக்கும் வழியும் உண்டு. 1992இல் டெட்ரே, கோரெட்ஸ்கி முதலியோர் கழுத்தில் பாயும் குருதியின் நீரையே காந்தத்தால் குறியிட்டு, அக்குறி மூளையை அடைவதைப் படமெடுக்கும் முறையை வெளியிட்டனர். சிறுநீரகம் பழுதுற்றோரில் சிலருக்குக் கடோலினியம் தோலைக் கல்லாக்கும் கொடுநோயைத் தரும் என்று 2006இல் தெரிந்த பின் இம்முறையின் மதிப்பு உயர்ந்தது. வெளியிலிருந்து எதையும் செலுத்தாமல் நோயாளியின் குருதியையே தூதாக்கும் முறை இது. சிரையில் ஊசி ஏற்றுவதே கடினமான குழந்தைகளுக்கும் இது ஏற்றது. ஆயின் கிடைக்கும் குறி மெலிது. படமெடுக்க நேரம் மிகுதி. தலை அசையாதிருக்க வேண்டும்.

மலையிலிருந்து இறங்குவோர்

இவ்வளவும் பொறியின் வரலாறு. மனிதரின் வரலாறு ஒன்றும் இதனூடே ஓடுகிறது. ஒரு முறை எடுத்த படத்தைவிட, இடைவிட்டு எடுத்த இரண்டு மூன்று படங்களின் வரிசையே மிகுதியாக உண்மை சொல்லும். முன்னைய அளவிலிருந்து குருதி ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதுதான் ஐயத்தைத் தெளிவிக்கும் வலுவான சான்று. ஆனால் வரிசை கிடைக்க வேண்டுமானால் நோயாளி மீண்டும் மீண்டும் வர வேண்டும். ஜமுனாமரத்தூரிலிருந்தோ அதனினும் உள்ளே இருக்கும் ஒரு சிற்றூரிலிருந்தோ மலைப்பாதை இறங்கி, பேருந்து மாறி நகரை அடைவோருக்கு, ஆறு வாரக் கதிர் மருத்துவமே கூலியை இழந்து ஊரை விட்டுப் பிரிந்திருக்கும் காலம். அதன் பின்னும் இரண்டு திங்களுக்கு ஒரு முறை வாருங்கள் என்பது எளிதாகச் சொல்லக்கூடிய சொல்லன்று. ஒரு வருகை தவறினால் வளைகோட்டில் ஒரு புள்ளி குறைகிறது. அப்போது மருத்துவர் கையில் எஞ்சுவது ஒற்றைப் பதிவு. ஒற்றைப் பதிவை எவ்வாறு வேண்டுமானாலும் படிக்கலாம்.

யுரேனசின் வளையங்கள் துணைக்கோள் என்ற தோற்றத்தினின்று விடுபட்டது, ஓரிடத்துப் பதிவோடு வேறோரிடத்துப் பதிவு சேர்ந்ததால். கானிமீடின் காற்று மண்டலம் பற்றிய மிகை மதிப்பீடு திருந்தியது, பின்னர் வந்தவர்கள் மீண்டும் நோக்கியதால். முதற்பதிவு செய்தவர்களுக்கு இதில் இழுக்கு ஏதும் இல்லை. அவர்கள் பதிந்தமையால்தான் பின்னோர் திருத்த முடிந்தது. மூளையின் குருதியை அளப்போரும் அவ்வழியிலேயே நடக்கின்றனர். மோனிஸ் நாளத்தின் வளைவைக் கண்டார். கெட்டி மொத்த ஓட்டத்தைக் கண்டார். லாசெனும் இங்வாரும் இடம் பிரித்தனர். ராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும் உருவை மீட்கும் கணக்கைத் தந்தனர். வில்ரிங்கர் சில நொடிப் பள்ளத்தைக் காட்டினார். சுகஹாரா அப்பள்ளத்துக்கு எல்லை வகுத்து, எல்லையின் நடுவே ஐயத்துக்கும் இடம் விட்டார்.

இந்த எழுபது எண்பது ஆண்டு உழைப்பின் பயன், கதிர் மருத்துவம் முடித்து ஸ்கேன் அறைக்கு வெளியே அமர்ந்திருக்கும் ஒருவருக்கு மருத்துவர் சொல்லும் சில சொற்களில் வந்து நிற்கிறது. அச்சொற்கள் சில வேளைகளில் ‘வளர்கிறது’ என்றும், சில வேளைகளில் ‘ஆறுகிறது’ என்றும் அமையும். ‘இன்னும் தெரியவில்லை, எட்டு வாரம் கழித்து மீண்டும் பார்ப்போம்’ என்று அமையும் வேளைகளும் பல. அவ்வாறு கூறுபவர் அறியாமையால் கூறவில்லை. ஒற்றைக் குறைவைக் கண்டு தீர்ப்பளிக்கலாகாது என்று கற்றதால் கூறுகிறார். அந்த எட்டு வாரம் கழித்து மலையிலிருந்து அவர் மீண்டும் இறங்கி வருவதற்குரிய வழியை ஆக்கித் தருவது கருவியின் கடமையன்று, சமுதாயத்தின் கடமை.